எழுதினவன் கைதான் தொட வேண்டும்

மாரியம்மன் நோம்பிக்கு மறுநாள் எங்கள் ஊரில் கிடாய்க் கறியைக் கூறு போடுவார்கள். வேப்பமரத்தடியில் தேக்கிலைகளை வரிசையாக விரித்து, வரி கொடுத்த வீடு ஒவ்வொன்றுக்கும் ஒரு கூறு. ஒருவர் ஏதாவது ஒரு கூறைத் தொட்டு, "இது யாருக்கு?" என்பார். அவருக்கு முதுகு காட்டி நிற்கிற இன்னொருவர், எதைத் தொட்டார் என்று பார்க்காமலே ஒரு வீட்டின் பேரைச் சொல்வார். எலும்பு வந்தாலும் சரி, ஈரல் வந்தாலும் சரி, அம்மன் கொடுத்தது என்று எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

கூறுகளைச் சமமாகப் போடுகிற வேலை, நான் வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து ஒரே ஒருவரிடம்தான் இருந்தது. எங்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரர். அவர் பேரை எழுதப் போவதில்லை. பேர் போட்டு ஒரு மாலை மரியாதை என்றாலே "எனக்கு மட்டும் எதுக்குங்க?" என்று கேட்கிற மனுசர். ஊரே அவரைக் கூறுக்காரர் என்றுதான் சொல்லும். எனக்கு அண்ணா.

ஒரு நோம்பிக்கு எல்லாக் கூறும் போட்டு முடித்த பிறகு, ஒன்றில் ஈரல் விழவில்லை என்று கண்டுபிடித்துவிட்டார். அத்தனையையும் திரும்பப் பாயில் கொட்டி முதலிலிருந்து ஆரம்பித்தார். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. எங்கள் வீட்டுக்காரருக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏனுங்ணா, மத்தியானச் சோத்துக்குக் கேட்டமுங்க. நீங்க நாளைக்குப் பழைய சோத்துக்குத்தான் தருவீங்களாட்ட இருக்குது."

"நாளைக்குத் தின்னாலும் எல்லாரும் ஒண்ணாட்டத் திங்கோணுமல்லோ," என்றார் தலை நிமிராமல்.

அன்றைக்கு அவர் வீட்டிலும் விருந்துக்கு ஒறம்பரை வந்து இலை போட்டுக் காத்திருந்தது. அவருடைய கூறு கடைசியில்தான் வந்தது.

வாய்க்கால் தண்ணீர் முறையிலும் அப்படித்தான். தன் முறை முடிந்துவிட்டால், தென்னைக்குப் பாதி பாய்ந்து பாதி காய்ந்து கிடந்தாலும் மடையை அடைத்துவிட்டு அடுத்த காட்டுக்காரரைக் கூப்பிடுவார். அவர் சம்சாரம், நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், சிரித்துக்கொண்டே ஒருமுறை சொன்னார்: "இந்த மனுசனுக்கு அந்தாண்டைக் காட்டுத் தென்னையும் சொந்தப் புள்ளை, இந்தாண்டைக் காட்டுத் தென்னையும் சொந்தப் புள்ளை. ஊட்டுல இருக்கற புள்ளைதான் ஒறம்பரைப் புள்ளை."

அப்போது அதற்கு எல்லோரும் சிரித்தோம்.

வீட்டில் இருந்த பிள்ளை பிரபு. ஒரே பையன். அண்ணா கஞ்சிக்கோட்டில் ஒரு இரும்புக் கம்பெனியில் வேலை பார்த்தவர். அங்கே கூட வேலை செய்த யாரோ வடக்கத்திக்காரரிடம் செஸ் கற்றுக்கொண்டு வந்து, எங்கள் ஊர் வாயனசாலையில் ஒரு பலகை வாங்கிப் போட்டார். வாயனசாலை என்றால் புத்தகம் படிக்கிற இடம். எல்லையோர ஊர் எங்களுடையது; தமிழ்க்காரர், மலையாளக்காரர் என்று இல்லாமல் எல்லோரும் வந்து உட்காருவார்கள். அங்கே எந்த ஆட்டத்துக்கும் அவர்தான் நடுவர். பிரபு சின்ன வயசில் ஒரு போட்டியில் குதிரையைத் தொட்டுவிட்டு, "அய்யோ, இது இல்லீங்ப்பா" என்று கையை எடுத்தான். தொட்ட காயைத்தான் வைக்க வேண்டும் என்பது விதி. வைத்தால் தோல்வி. அப்பா மூஞ்சியையே பார்த்துக்கொண்டு நின்றான். "வெய்யி சாமி" என்றார். வைத்தான். தோற்றான். தேம்பித் தேம்பி அழுதவனைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு, அத்தனை பேருக்கும் முன்னால் வீட்டுக்கு நடந்து போனார். பையனுக்குத் தோளில் தூக்குகிற வயசு தாண்டியிருந்தது. கால் இரண்டும் அவர் முட்டி வரை தொங்கிக்கொண்டு போனது.

அந்தப் பிரபு கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் படித்தான். வேலைக்குப் போகிற வழியில், ஹைவேயில், ஒரு ஆடி மாதம் பைக்கோடு போய்விட்டான். அதைப் பற்றி இதற்கு மேல் என்னால் எழுத முடியாது.

மறு வருடம்தான் அந்தப் போட்டி வந்தது. வாயனசாலையின் ஆண்டு விழாவை இங்கே வார்ஷிகம் என்போம். ஜில்லா செஸ் சாம்பியன் எங்கள் பஞ்சாயத்துக்காரர், தபால் ஆபீசில் வேலை. அவரோடு மேடையில் ஒரு கம்ப்யூட்டரை மோத விட வேண்டும் என்று வாயனசாலை செக்ரட்டரி மாஷுக்கு ஆசை. மாஷ் என்றால் வாத்தியார்.

"போன்ல கிடைக்கறத கொண்டுவந்து வச்சா உலக சாம்பியனே தோத்துப் போகும். அதில எந்து ரசம்?" என்றார் மாஷ். "நம்ம நாட்டுப் பிள்ளைகள் சொந்தமா எழுதின ப்ரோகிராம் வேணும். எத்தன பேர் எழுதியிருந்தாலும் வரட்டே. ஒண்ண நாம தெரஞ்செடுக்கலாம்."

எடுக்கிற பொறுப்பை யாரிடம் கொடுப்பது என்று ஒருவரும் யோசிக்கவே இல்லை. அண்ணா ஒரு வாரம் உட்கார்ந்து விதி எழுதினார். எல்லா ப்ரோகிராமும் பள்ளிக்கூடத்து லேப்டாப்பில்தான் ஓட வேண்டும், ஒன்றுக்கு வேகம் கூட, ஒன்றுக்குக் குறைவு என்று இருக்கக்கூடாது. ஒவ்வொரு ஜோடிக்கும் இரண்டு ஆட்டம், வெள்ளை ஒன்று, கறுப்பு ஒன்று. முதலில் யாருக்கு எந்த நிறம் என்பதைக் கறிக்கூறு மாதிரி முதுகு காட்டி நின்று சொல்ல வேண்டும். இரண்டு ஆட்டத்துக்கு நடுவில் தப்புத் தெரிந்தால் திருத்திக்கொள்ளலாம். ஆனால் எழுதினவன் கைதான் தொட வேண்டும். வேறு கை பட்டால், போனில் கிடைக்கிறதை யாராவது உள்ளே சொருகிவிடுவார்கள் அல்லவா? எல்லோரும் தலையாட்டினார்கள். வாயனசாலைக் கதவில் அதை ஒட்டினார்கள்.

பேர் கொடுக்கக் கடைசி நாள் அக்கா வந்தார். மகன் போன பிறகு வாசல் படி தாண்டாத மனுசி. பிரபுவின் துண்டில் சுற்றி அவனுடைய லேப்டாப்பைக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தார்.

"இதுல எம் பையன் எழுதுன செஸ்ஸு இருக்குதுங்க. இதையும் சேத்திக்குங்க."

ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாஷ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இறந்தவன் எப்படிப் போட்டியில் நிற்பது என்று கேட்க யாருக்கு வாய் வரும்? அண்ணாதான் எழுந்தார்.

"பேரு குடுக்கறவன் உசுரோட இருக்கோணும்னு நாம எழுதலீங்க. சேத்தோணும்," என்றார். பிறகு, "ஆனா நா இனி நடுவரா இருக்கக் கூடாது. பெத்தவன்."

அங்கே ஜின்சி என்று ஒரு பெண் இருந்தாள். பிரபுவோடு படித்தவள், கஞ்சிக்கோட்டில் வேலை, அவளும் ஒரு ப்ரோகிராமோடு வந்திருந்தாள். "அங்கிள் மாறினா நானும் போகும்," என்றாள். "அங்கிள் மகனுக்குன்னு ஒண்ணும் செய்யமாட்டார்னு எங்களுக்கு அறியும்." மற்றப் பிள்ளைகளும் அதையே சொன்னார்கள். அவர் திரும்ப உட்கார்ந்தார். நாங்கள் அதை அவருக்குச் செய்த மரியாதை என்றே நினைத்தோம். அக்காவைத் தவிர எல்லோரும்.

போட்டியன்று பிரபுவின் ப்ரோகிராமுக்கு முன்னால் யார் உட்காருவது? எதிராளி வைக்கிற காயை அதற்குத் தட்டிச் சொல்ல வேண்டும், அது காட்டுகிறதைப் படித்துச் சொல்ல வேண்டும். ஆட்டம் தெரிந்தவர் உட்கார்ந்தால் பேச்சு வரும் என்றார் அண்ணா. நான் அப்போது டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். எங்கள் பெண்கள் குழுவுக்கு அன்றைக்கு டீயும் பழம்பொரியும் பொறுப்பு.

"அம்மிணி, உனக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியுமல்லோ?"

"ஏ பி சி டி தெரியுமுங்ணா."

"செஸ்ஸு?"

"குதிரை மூஞ்சி தெரியுமுங்க. அவ்வளவுதானுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். "அப்ப நீதான் சரி," என்றார்.

இப்படித்தான் நான், பிரபுவுடையதை ஏற்றிய பள்ளிக்கூடத்து லேப்டாப்பின் முன்னால், அவன் இடத்தில் உட்கார்ந்தேன். நடுவில் பெரிய மரப்பலகை. இரண்டு பக்கத்துக் காய்களையும் அண்ணாதான் அதில் வைப்பார், கூட்டம் பார்ப்பதற்காக. சாமியை நினைத்து, மடியில் இருந்த விபூதியை எடுத்து லேப்டாப்பில் ஒரு கீற்று இட்டேன். அவர் பார்த்துவிட்டார்.

"அம்மிணி, வெச்சா எல்லாத்துக்கும் வெக்கோணும்."

எழுந்து போய் எல்லா லேப்டாப்புக்கும் இட்டேன். ஜின்சி மாதா கோயிலுக்குப் போகிற பெண். "எனக்கும் வேணும் சேச்சி, அல்லெங்கில் அங்கிள் ஆட்டத்தை நிறுத்தும்," என்று லேப்டாப்பைத் தூக்கிக் காட்டினாள்.

முதல் தடவை அது ஒரு பதிலைக் காட்டியது. "குதிரை, எஃப் மூணு," என்று படித்தேன். அண்ணா குதிரையை எடுத்து வைத்தார். குரல் என்னுடையது, கை அவருடையது. நடுவில் யோசித்தது யார்? பின்வரிசையில் அக்கா முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு தடவையும், நான் படிப்பதற்கு முன்னாலேயே அவர் உதடு அசைந்தது.

ஒவ்வொன்றாகத் தோற்றுப் போய், கடைசியில் பிரபுவுடையதும் ஜின்சியுடையதும் நின்றன. இதில் ஜெயிப்பது மேடை ஏறி சாம்பியனோடு உட்காரும். மைக்கில் பேர் வாசிப்பார்கள். அக்காவுக்கு வேண்டியது அது ஒன்றுதான். மகன் பேரை ஊர் கடைசியாகக் கேட்டது சாவு அறிவித்த ஆட்டோவில்.

முதல் ஆட்டத்தில் பிரபுவுடையது அடித்து நொறுக்கியது. எனக்கு ஆட்டம் தெரியாது என்றாலும் கூட்டத்தின் மூச்சிலேயே தெரிந்தது. ஜின்சியின் ராணி போயிற்று, யானை ஒன்று போயிற்று. "முடிஞ்சு," என்றார் மாஷ். அப்போது என் லேப்டாப் "ராஜா, ஜி ஒண்ணு" என்று காட்டியது. படித்தேன். அடுத்தது "ராஜா, எச் ஒண்ணு". அதையும் படித்தேன். திரும்ப "ராஜா, ஜி ஒண்ணு".

அண்ணா ராஜாவை ஒரு கட்டம் தள்ளி வைத்தார். திரும்ப எடுத்துப் பழைய இடத்தில் வைத்தார். திரும்பத் தள்ளினார். ஜெயிக்க ஒரு எட்டு தூரத்தில் நின்றுகொண்டு அந்த ராஜா, வாசலுக்கும் உள்ளுக்குமாக நடக்கிற ஆள் மாதிரி, போய்ப் போய் வந்தது. ஜின்சியுடைய மிச்ச யானையும் அதற்கு ஈடாகப் போய்ப் போய் வந்தது.

மூன்று முறை ஒரே நிலை வந்துவிட்டால் எதிராளி டிரா கேட்கலாம். ஜின்சிக்கு அது தெரியும். கேட்கவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஜின்சி, கேக்கறதுன்னா கேக்கலாமுங்க," என்றார் அண்ணா.

"எனக்கு வேண்டா அங்கிளே. என்டெது தோத்ததா எழுதிக்கோ."

"தோக்குலியே. உங்களுக்கு இருக்கறத நீங்க உட்டுட்டா, அது எம்பட பையனுக்குப் போடற பிச்சைங்க. அவன் வாங்க மாட்டான்."

அவள் அழுதுகொண்டே கையைத் தூக்கினாள். டிரா.

இரண்டு ஆட்டத்துக்கும் நடுவில் டீ கொடுத்தோம். யாரும் குடிக்கவில்லை. என்ன தப்பு என்று ஜின்சிக்குத் தெரிந்திருந்தது. "அதுக்கு எல்லா வழியிலும் ஜெயம்தான் தெரியுது. அதனால எந்த வழியிலயும் போகல. முன்ன நின்ன இடம்தான் இதுன்னு ஓர்மையா ஞாபகம் வச்சுக்கணும்னு பிரபு அதுக்குச் சொல்லிக் கொடுக்க மறந்து போயி. ஒரே ஒரு வரி அங்கிளே. நான் எழுதித் தரட்டே? நான் அவனுக்கு எதிர்க்கக்ஷி, எனக்கே சம்மதம்னா வேற யாருக்கு என்ன?"

ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. மாஷ், "எழுதட்டே" என்றார். பார்க்க வந்திருந்த சாம்பியன்கூட எழுந்து நின்று, "எழுதட்டும் சார்" என்றார். எல்லோரும் கதவில் ஒட்டியிருந்த தாளைப் பார்க்காமல் அண்ணாவைப் பார்த்தார்கள்.

அக்கா பின்வரிசையிலிருந்து எழுந்து வந்தார். புருசன் முன்னால் கூட்டத்தில் நின்று பேசியறியாதவர்.

"ஏனுங்க, மத்தவங்க புள்ளைக எல்லாம் திருத்திக்கிட்டாங்க. எம் புள்ளைக்கு யாருங்க திருத்துவாங்க? அவனென்ன வரமாட்டேன்னா இருக்கறான்?"

அண்ணா கதவில் இருந்த தாளைக் காட்டினார்.

"நாம எழுதி ஒட்டுனது, எழுதுனவன் கைதான் தொடோணும்னு," என்றார். "அவளோட கை பட்டா, அது அவனுதா இருக்காதுங்க. அது ஜெயிக்கும். அவன் ஜெயிச்சதா ஆகாது. அவனோடது அதுல என்ன மிச்சம் இருக்குதோ, அதுல தப்பும் சேந்துதானுங்க இருக்குது."

"பெத்த புள்ளைக்கு ஒரு வரி எழுத உடாத மனுசன்," என்றார் அக்கா. சத்தமாகச் சொல்லவில்லை. பிரபுவின் துண்டைக்கூட எடுக்காமல் வெளியே போனார்.

இரண்டாவது ஆட்டத்தில் ஜின்சியுடையது ஜெயித்தது. நான் படித்துச் சொன்னேன், அவர் வைத்தார். கை ஒரு தடவைகூட நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

வார்ஷிகத்தில் சாம்பியன் ஜெயித்தார். அது பெரிய கதை இல்லை. ஜின்சிக்கு மைக்கில் பிரபுவின் பேரைச் சொல்ல வேண்டும் என்று இருந்தது. அண்ணாவிடம் போய்க் கேட்டாள். "தோத்தவன் பேரச் சொல்றதுன்னா, தோத்தவங்க எல்லார்த்து பேரையும் சொல்லோணுமுங்க," என்றார். அவள் எல்லாப் பேரையும் சொன்னாள். பிரபு பேர் நடுவில் வந்தது. பனைமரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் எங்கள் வீதிப் பக்கம்தான் திரும்பியிருந்தது. அக்கா அதைக் கேட்டாரா என்று நான் கேட்டதில்லை. அன்றிலிருந்து அவர் புருசனோடு பேசவில்லை. சோறு போடுவார், தண்ணீர் வைப்பார், பேச்சு மட்டும் கிடையாது. அண்ணாவும் அவரைப் பேசச் சொல்லிக் கேட்கவில்லை.

அண்ணா இறந்தது அதற்கு ரொம்ப நாள் கழித்து. அக்கா இப்போது ஆனைகட்டிப் பக்கம் தங்கச்சி வீட்டில் இருக்கிறார். வீடு பூட்டிக் கிடக்கிறது. கூறு போட ஊரில் வேறு ஆள் வந்துவிட்டார், அவரும் நல்லவர்தான். ஆனால் அண்ணாவை நினைத்தால் எனக்குக் கறிக்கூறும் நினைவு வருவதில்லை, வாயனசாலையும் வருவதில்லை. ஒரு சாயங்காலம்தான் வருகிறது.

வார்ஷிகம் முடிந்து மழையும் ஓய்ந்து, மலைக் கணவாய்க் காற்று அடிக்க ஆரம்பித்திருந்த காலம். பணியாரம் சுட்டு, கொஞ்சம் எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். விளக்கு வைக்கிற நேரம். முன்னறையில் பிரபுவின் லேப்டாப்பும் பக்கத்தில் மரப்பலகையும். அண்ணா அதனோடு ஆடிக்கொண்டிருந்தார். அது காட்டுகிறதைப் பலகையில் வைப்பார். பிறகு தன்னுடையதை வைத்து, விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுவார். நான் போய் நின்றபோது ராஜா ஜி ஒன்றுக்குப் போயிற்று. எச் ஒன்றுக்கு வந்தது.

"இன்னைக்கும் அங்கயே நின்னுட்டானுங்ணா?"

"ஆமா அம்மிணி. நல்லா ஆடுனான். எம்பட ராணியெல்லாம் போயிருச்சு. இன்னும் கொஞ்சம் முன்னால வந்தான்னா நா அவுட்டு."

யானையை ஒரு கட்டம் தள்ளினார். ராஜா போயிற்று. யானையைப் பழைய இடத்துக்கு எடுத்தார். ராஜா வந்தது.

"அப்ப டிரா கேட்டர்லாமல்லோங்ணா? ஜின்சி கேட்டாளல்லோ. முடிச்சு உட்ருங்க. அவனும் போவட்டும்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஒரு சட்டத்தை விளக்குகிற அதே நிதானக் குரல்தான்.

"கேக்கலாம் அம்மிணி. கேக்கறவனுக்கு உரிமை இருக்குது. ஆனா கேட்டே ஆகோணும்னு எங்கயும் எழுதல."

யானையைத் தள்ளினார்.

அடுப்படியிலிருந்து அக்காவின் குரல் கேட்டது. அத்தனை மாதத்துக்குப் பிறகு அவர் புருசனிடம் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"இருக்கறானுங்களா?"

"இருக்கறான்," என்றார் அண்ணா.

பணியாரத்தை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து விளக்கேற்றினேன். போனவர்களுக்காக அம்மனிடம் நான் கேட்பது எப்போதும் ஒன்றே ஒன்றுதான்: அலையவிடாமல் கரை சேர்த்துவிடு தாயே என்று. வீட்டுப் பெரியவர்கள் பேரையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். பிரபு பேரில் வாய் நின்றுவிட்டது. மதில் தாண்டிப் பலகையில் காய் வைக்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. அவன் பேரைச் சொல்லாமலே, திரியைத் தூண்டிவிட்டு எழுந்தேன்.